ஓட்டு ஊரில், ஆள் ஒரகடத்தில்

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு கொரியர் தன் நாட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க விமானம் ஏற வேண்டியதில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்துச் சென்னையிலுள்ள கொரியத் துணைத் தூதரகத்துக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். அதே தொழில் வட்டாரத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் பீகார் இளைஞர் தன் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் ரயிலில் இரண்டு இரவு போக வேண்டும். சியோலில் மேற்படிப்புப் படிக்கும் தமிழக மாணவிக்கோ விமான டிக்கெட்டே எடுத்தாக வேண்டும்.

தூரம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொரியச் சட்டம் ஓட்டுச்சீட்டை ஆள் இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறது. இந்தியச் சட்டம் ஆளை ஓட்டுச்சாவடிக்கு வரச் சொல்கிறது.

கொரியர்களுக்கும் இது சும்மா கிடைத்துவிடவில்லை. 1967, 1971 தேர்தல்களில் வெளிநாட்டிலிருந்த கொரியர்கள் தபால் மூலம் ஓட்டுப் போட்டார்கள். அப்போது வியட்நாம் போர்முனையில் கொரியப் படைகள் இருந்தன. மேற்கு ஜெர்மனியில் கொரியச் சுரங்கத் தொழிலாளர்களும் நர்சுகளும் இருந்தார்கள். 1972-ல் பார்க் சுங் ஹீ சர்வாதிகாரத்தை இறுக்கியபோது அந்த உரிமை போயிற்று. பிறகு ஜனநாயகம் திரும்பியது, ஒலிம்பிக்ஸ் நடந்தது, ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூருக்கே வந்து 1998-ல் சான்ட்ரோ காரை வெளியிட்டது. ஆனால் வெளிநாட்டுக் கொரியரின் ஓட்டு மட்டும் திரும்பவில்லை! அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள், 1999-ல் தோற்றார்கள். மறுபடியும் போனார்கள். 2007 ஜூன் 28 அன்று அதே நீதிமன்றம் தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டது. 2009-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2012 ஏப்ரல் நாடாளுமன்றத் தேர்தலில் முதல் ஓட்டு விழுந்தது.

இந்த முறையில் மாணவர்களுக்குத் தெளிவான இடம் உண்டு. படிப்புக்காகவோ வேலைக்காகவோ தற்காலிகமாக வெளியே இருப்பவர்கள் ஒரு பிரிவு, வெளிநாட்டிலேயே குடியேறிவிட்ட குடிமக்கள் இன்னொரு பிரிவு. வழக்கமான தேர்தல் என்றால் 60 நாட்களுக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்துவிட வேண்டும். தூதரகத்தில் அதிகபட்சம் ஆறு நாட்கள் வாக்குப்பதிவு. முத்திரையிட்ட உறைகள் கொரியாவுக்குப் போய், அவரவர் ஊர்க் கணக்கில் எண்ணப்படும்.

நிஸான் வழியாக ஒரகடத்துக்கு வந்த ஜப்பானியர்களின் கதையும் நீதிமன்றக் கதைதான். 1998-ல் சட்டம் போட்டு 2000 முதல் வெளிநாட்டில் ஓட்டுப் போட விட்டார்கள். ஆனால் கட்சிக்கு மட்டும்தான் போடலாம், தொகுதி வேட்பாளருக்குப் போட முடியாது. பாதிச் சாப்பாடு போட்டு இலையை எடுத்த மாதிரி. 2005 செப்டம்பர் 14 அன்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. அதோடு விடாமல், வழக்குப் போட்ட ஒவ்வொருவருக்கும் அரசு 5,000 யென் நஷ்ட ஈடு தர வேண்டும் என்றது. ஓட்டுரிமை இழந்ததற்குப் பண நஷ்ட ஈடு! தொகை சிறியது, விஷயம் பெரியது.

இதில் தமிழர்களும் உண்டு. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள், பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தலில் புதுச்சேரியிலிருந்தே ஓட்டுப் போடுகின்றன. பாரிஸையே பார்க்காத ஒரு புதுச்சேரித் தமிழருக்கு இருக்கும் வசதி, பாரிஸில் படிக்கும் திருநெல்வேலி மாணவனுக்கு இல்லை.

சரி, இந்தியாவில் என்னதான் தடை? 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் "வழக்கமாக வசிப்பவர்" என்று ஒரு சொல் இருக்கிறது. அப்படி வசிக்கும் தொகுதியில்தான் பெயர் சேர்க்க முடியும். சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியே போனதாலேயே அந்தத் தகுதி போய்விடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் எவ்வளவு காலம் வரை தற்காலிகம்? இரண்டு வருட எம்.எஸ். படிப்பா, ஐந்து வருட ஆராய்ச்சியா? ராணுவத்தினருக்கும் வெளிநாட்டிலுள்ள அரசு ஊழியர்களுக்கும் தபால் ஓட்டு இருந்தது. படைவீரர்களுக்கு 2003-ல் பதிலாள் மூலம் ஓட்டுப் போடும் வசதியும், 2016-ல் ஓட்டுச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பும் வசதியும் வந்தன. சீட்டை அச்செடுத்து, ஓட்டைக் குறித்து, தபாலில் அனுப்பினால் போதும்.

மற்றவர்களுக்கு 2010-ல் சட்டத்தைத் திருத்தி 20ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை, கல்வி அல்லது வேறு காரணத்துக்காக வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் பெயர் சேர்க்கலாம். "கல்வி" என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. படிவம் 6ஏ-வை இணையத்திலேயே அனுப்பலாம், பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரிதான் தொகுதியை முடிவு செய்யும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது. எல்லாம் சரி. ஓட்டுப் போடுவது எப்படி? அசல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஊர்ச் சாவடிக்கு நேரில் வர வேண்டும்!

பலன் எண்ணிக்கையிலேயே தெரிந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த வெளிநாட்டு வாக்காளர்கள் 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர். அதிலும் 2,670 பேர் கேரளாவில் போட்டவர்கள். வளைகுடாவிலிருந்து கோழிக்கோட்டுக்கு விமானத்தில் சில மணி நேரம்தான். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ செமஸ்டர் நடுவில் இருக்கும் மாணவர் எங்கே வருவது?

ஷம்ஷீர் வயலில் என்ற மருத்துவத் தொழிலதிபர் 2014-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பதிலாள் ஓட்டுக்கான மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டுவதற்குள் 2019-ல் மக்களவையின் காலம் முடிந்து மசோதாவும் காலாவதியானது. 2020 நவம்பரில் தேர்தல் கமிஷன், படைவீரர்களுக்கான மின்னணு ஓட்டுச்சீட்டை வெளிநாட்டினருக்கும் தரத் தயார் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. 2021 தமிழகத் தேர்தல் அது இல்லாமலேயே நடந்து முடிந்தது. 2024-ம் அப்படித்தான்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் இளைஞர் ஓட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஓட்டுப் போடும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்த 61-வது அரசியல் சாசனத் திருத்தம், ராஜீவ் காந்தி ஆட்சியில் 1989 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அவர் 1991 மே 21 அன்று ஓட்டுக் கேட்டு வந்த இடத்தில்தான் கொல்லப்பட்டார். அந்த நினைவிடம் இருக்கும் இதே ஊரின் கம்பெனி பஸ்களில் இன்று போகிற இளைஞர்களில் பலருக்கு, அந்தத் திருத்தத்தால் ஓட்டு உண்டு, போட வழி இல்லை.

மதுரை, திருநெல்வேலிப் பையன்கள் பாடு பரவாயில்லை. தேர்தலுக்கு முதல் நாள் சிறப்புப் பஸ் ஏறினால் விடிவதற்குள் ஊர் வந்துவிடும். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1996 முதல் சட்டமே இருக்கிறது. ஆனால் அது ஒரு நாள் விடுமுறை. ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் அசாமுக்கும் ஒரு நாளில் போய்த் திரும்ப முடியுமா? ஒரகடத்திலேயே பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்து, ஒரே அறையில் பலரோடு தங்குபவருக்கு முகவரிச் சான்று யார் தருவார்? ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட அவருக்கும் மனம் வராது. அவர் நிலமும் ரேஷன் அட்டையும் அங்கே.

இவர்களுக்காகத் தேர்தல் கமிஷன் ஒரு கருவி செய்தது. ஒரே சாவடியில் 72 தொகுதிகள் வரை கையாளக்கூடிய தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம். 2022 டிசம்பரில் அறிவித்து, 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளைக் கூப்பிட்டார்கள். ஒரகடத்தில் இருக்கும் பீகார் ஓட்டுக்கு பீகார்க் கட்சியின் ஏஜென்ட் எங்கிருந்து வருவார், நடத்தை விதி எந்த மாநிலத்துக்குப் பொருந்தும் என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. நியாயமான கேள்விகள்தான். ஆனால் பதில் தேடாமலேயே விஷயம் ஓய்ந்துவிட்டது. 2025-ல் பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது ஆகஸ்ட் 1 வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் சுமார் 36 லட்சம், நிரந்தரமாக இடம் மாறியவர்கள் அல்லது ஆளைக் காணவில்லை என்ற கணக்கில் போனவை. அந்த நவம்பரில் பீகார் ஓட்டுப் போட்டபோதும் ஒரகடத்தில் அவர்களுக்கென்று ஒரு சாவடி இல்லை.