கங்காணி இல்லாத வேளை: ஜுருவிலிருந்து ஓர் இறையியல் வாசிப்பு

தமிழ் விவிலியத்தில் திருச்சபைத் தலைவரைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று கண்காணி. 1871ஆம் ஆண்டுப் பவர் திருப்புதலை அடியாகக் கொண்டு சீர்திருத்தச் சபைகள் இன்றும் வாசிக்கும் விவிலியத்தில், பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்திலேயே அது வந்துவிடுகிறது. பேதுருவின் முதல் நிருபம் (2:25) கிறிஸ்துவையே அப்படி அழைக்கிறது. ‘எபிஸ்கொபோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் கிடைப்பது அரிது. ஆனால் அந்த விவிலியத்தை மூட்டையில் வைத்துக்கொண்டு பினாங்குக்குக் கப்பலேறிய தமிழருக்கு அச்சொல் வேறொரு முகத்தையும் காட்டியிருக்கும். பேச்சு வழக்கில் கண்காணி, கங்காணி ஆனார். ஊரிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் பிடித்து வந்தவர் அவர், விடியலில் பெரட்டுக்கு ஆள் எண்ணியவர் அவர், வரி நெடுகப் பின்னால் நின்று பார்த்தவரும் அவரே.

ஒருவரும் பார்க்காதபோதும் சரியானதைச் செய்வது என்பது கிறிஸ்தவ வாழ்வில் எதன்மேல் நிற்கிறது? நம் மறையுரைகள் பெரும்பாலும் தரும் விடை, கடவுள் பார்க்கிறார் என்பது. அந்த விடையில் கடவுளைக் கங்காணியின் இடத்தில் உட்காரவைத்துவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதனால் கடவுளைப் பற்றிய புரிதல் கெட்டது. நேர்மையை யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தடம் மாறிப்போனது.

வாதத்துக்கான களம் பினாங்கு மாநிலத்தின் ஜுரு. நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியையும் ஆட்டோ சிட்டி வணிக வளாகத்தையும் கொண்டு இன்று அறியப்படுகிற ஊர். ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளி மட்டும் பழைய கதையைத் தன் பெயரில் வைத்திருக்கிறது. செபராங் பிறை என்கிற இந்தத் தீபகற்பக் கரை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு விளைந்த நிலம். பிறகு ரப்பர் வந்தது, அதன்பின் செம்பனை. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. கங்காணி வழியாக ஆள் திரட்டுவது, இந்திய அரசு 1938இல் உதவிக் குடியேற்றத்தைத் தடுத்தபோது நின்றது. வேலைக்கு வந்து நின்ற ஆள் ஒவ்வொருவருக்கும் நாள் கணக்கில் கங்காணிக்கு ஒரு தொகை கிடைத்தது. ஆகவே அந்தக் கண் ஆளைப் பார்க்கவில்லை, தலையை எண்ணியது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே காட்டுக்குள் நுழைவார்கள். ஒருவர் பொறுப்பில் 400, 500 மரங்கள். முந்தைய வெட்டின் விளிம்பிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றைக் கத்தி இழுத்தெடுக்கும். மேலாக வெட்டினால் பால் போதாது. ஆழப் போகப் போகப் பால் கூடும், ஏனெனில் பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. ஆனால் இன்னும் ஒரு நூலளவு உள்ளே போனால் கத்தி மரத்தின் வளர்படையைத் தொட்டுவிடும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக ஏறும். சில ஆண்டுகள் கழித்து வெட்டு மறுபடி அந்த இடத்துக்கு வரும்போது கத்தி ஓடாது. பாலில் தண்ணீர் கலந்தால் ஸ்டோரில் மெட்ரோலாக் கருவி காட்டிக் கொடுத்துவிடும். மரத்தின் காயத்தையோ அன்றைக்கு எந்தக் கருவியும் காட்டாது. வாளியில் பால் கூடுதலாகவே இருக்கும். மேற்பார்க்கும் மண்டோர் ஒரு காலையில் எத்தனை மரத்தைத்தான் சுற்றிப் பார்க்க முடியும்? அந்த இருட்டில், அந்த ஒரு நூலளவில், வெட்டுகிறவரின் கையை நிறுத்தியது எது?

“மண்டோர் பார்க்காவிட்டாலும் ஆண்டவர் பார்க்கிறார்.” இந்த வாக்கியத்தையோ இதன் சாயலையோ கேட்காமல் தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளை எதுவும் ஞாயிறு பள்ளியைத் தாண்டியிருக்காது. நானும் கேட்டு வளர்ந்தவன். சொன்னவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் அது தூங்குகிற கண் ஒன்றை எடுத்துவிட்டுத் தூங்காத கண் ஒன்றை வைக்கிறது, அவ்வளவே. பார்க்கப்படுகிறவன் பழைய பயத்தோடு அப்படியே இருக்கிறான். கண் மாறினாலும் ஊழியம் மாறவில்லை.

அந்த ஊழியத்துக்குப் புதிய ஏற்பாட்டிலேயே ஒரு பெயர் உண்டு. எபேசியர் 6:6, கொலோசெயர் 3:22 ஆகிய இரண்டே இடங்களில் வரும் ‘ஒப்தல்மொதூலியா’, அதாவது கண்ணுக்குச் செய்யும் அடிமை வேலை. பவுலுக்கு முந்திய கிரேக்க எழுத்துகளில் இது கிடைப்பதில்லை. பவுலின் பெயரிலுள்ள இந்த நிருபங்கள், அடிமைகள் அன்றாடம் அறிந்திருந்த ஒன்றுக்குச் சொல் வார்த்திருக்கின்றன. இதற்கு மாற்றாக அவை முன்வைப்பது இன்னும் பெரிய கண்ணை அன்று. ‘ஹப்லொதேஸ்’, மடிப்பில்லாத ஒற்றை மனம். கண்ணுக்கு முன்னால் ஒருவன், கண்ணுக்குப் பின்னால் இன்னொருவன் என்று ஆள் இரண்டாகப் பிளப்பதுதான் இங்கே நோய். அதே பத்திகளில் ஆண்டவருக்கு அஞ்சுவதும் அவர் தரும் பலனும் பேசப்படுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அச்சம் பிளவைக் குணமாக்கும் மனத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அதைத் தனியே பிரித்தெடுத்துப் பிரசங்கித்தால் பிளவு ஆழப்படவே செய்யும்.

யோசேப்பின் கதையை (தொடக்க நூல் 39) இந்த நோக்கில் மறுபடி வாசிக்கலாம். போத்திபாரின் வீட்டில் வேலையாட்கள் ஒருவரும் உள்ளே இல்லாத நாள். அதற்கு முன்பே யோசேப்பு தன் மறுப்புக்குக் காரணம் சொல்லிவிட்டார். கடவுள் பார்க்கிறார் என்பது அந்தக் காரணங்களில் இல்லை. எஜமானர் தன்னை நம்பி வீடு முழுவதையும் விட்டிருக்கிறார் என்பதை முதலில் சொல்கிறார். அந்த நம்பிக்கையைக் கெடுப்பது கடவுளுக்கு எதிராகச் செய்யும் பாவம் என்பது அடுத்து வருகிறது. பிடிபடுவோமா என்ற கேள்வியே அவர் பேச்சில் எழவில்லை. ஒரு மனிதரோடும் கடவுளோடும் உள்ள உறவு முறியும் என்பதே அவரைத் தடுக்கிறது.

கடவுள் பார்க்கிறார் என்பது நேரடியாகவே வருகிற இடம் ஆகாரின் கதை (தொடக்க நூல் 16). எஜமானியின் கொடுமை தாங்காமல் பாலைக்கு ஓடிய அடிமைப் பெண், தன்னைத் தேடி வந்து பேசிய கடவுளுக்கு ‘ஏல் ரோயி’, காண்கிற கடவுள் என்று பெயரிடுகிறாள். விவிலியத்தில் கடவுளுக்குப் பெயர் சூட்டும் துணிவு அவளுக்கு வாய்க்கிறது. அந்தப் பெயரில் மிரட்டல் துளியும் இல்லை. வீட்டில் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்காத ஒருத்தி, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்று நீரூற்றருகே நின்று சொன்ன சொல் அது. தப்பி ஓடிய அடிமையின் வாயில் ஆறுதலாகப் பிறந்ததைத் தோட்டத்தில் மேற்பார்வைக் கருவியாக்கியது பெரும் இழப்பு.

இனிக் கண்காணிக்கு வருவோம். பேதுரு நிருபத்தின் அந்தப் பகுதி (2:18-25) யாருக்கு எழுதப்பட்டது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. வீட்டு வேலைக்காரருக்கு, அதிலும் முரட்டு எஜமானரிடம் அநியாயமாக அடிபடுகிறவர்களுக்கு எழுதப்பட்டது. அடிபட்ட கிறிஸ்துவின் தழும்புகளை அவர்களுக்கு நினைவூட்டிய பிறகே நிருபம் அவரை மேய்ப்பர் என்றும் கண்காணி என்றும் அழைக்கிறது. அதாவது இந்தக் கண்காணியின் கையில் பிரம்பு இல்லை; பிரம்படி இவர் முதுகில் இருக்கிறது. அப்படியொரு கங்காணியை எந்தத் தோட்டமும் கண்டதில்லை. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு இங்கே கண்காணிப்பாளர் என்ற சொல்லை ஆள்கிறது. பிழையில்லை, ஆனால் அலுவலக வாடை வந்துவிடுகிறது. பழைய சொல் சுடும்; அது இங்கே சுடத்தான் வேண்டும் என்று எண்ணுகிறேன்.

இதே பகுதியின் 19ஆம் வசனத்தில் ‘சுனெய்தேசிஸ்’ வருகிறது. நாம் மனச்சாட்சி என்று சொல்வதற்கு நிகரான கிரேக்கச் சொல். சாட்சி என்ற வடசொல்லின் உள்ளே அட்சம், கண், இருக்கிறது. கிரேக்கச் சொல்லிலோ கண் இல்லை. சேர்ந்து அறிதல், உடனறிவு என்பதே அதன் பொருள். வசனம் கடவுளைப் பற்றிய உடனறிவைப் பேசுகிறது. இருட்டில் பட்டையைச் சீவுகிற கையோடு சேர்ந்து, எவ்வளவு ஆழம் என்பதை உள்ளிருந்து அறிகிறவர் அவர். வரிக்குப் பின்னால் நின்று தலை எண்ணுகிறவர் அல்லர். கிறிஸ்தவ நேர்மைக்கு நான் கண்டறியக்கூடிய அடித்தளம் இந்த உடனறிவுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமான மறுப்பு. பார்க்காவிட்டாலும் ஒழுங்காக உழை என்று அடிமைக்கும் கூலிக்கும் போதிப்பது யாருக்கு லாபம்? மண்டோர் சம்பளம் மிச்சம் என்று துரை மகிழ்ந்திருப்பார். எஜமானர்களுக்கும் மேலே ஓர் எஜமானர் உண்டு, அவரிடம் பட்சபாதம் இல்லை, மிரட்டலை விடுங்கள் என்று எபேசியர் 6:9 உடனே திருப்பிச் சொல்கிறது என்பது பாதி விடை. மீதி விடைக்குத் தோட்டத்தையே பார்க்க வேண்டும். கூலியாளைப் பார்க்காதவர் அங்கே யார்? பெரட்டில் கங்காணி, காட்டில் மண்டோர், ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி, மாலையில் லயத்திலும் கண்கள். பாலை நிறுக்கும் தராசை யார் பார்த்தார்கள்? செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் போடும் பேனாவை யார் பார்த்தார்கள்? 1873இல், இதே செபராங் பிறையில், மாலகோஃப் கரும்புத் தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் உடல் நிலை மருத்துவர் கண்ணில் பட்டு, அரசு விசாரணை வரை போனது. அதுவரை கரும்புக் கொல்லைக்குள் துரைத்தனம் என்ன செய்தது என்று கேட்க ஆளில்லை.

ஆகவே ‘ஒருவரும் பார்க்காத இடம்’ எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. ஏழை எந்நேரமும் பார்வையில் இருக்கிறான். அதிகாரம் ஏற ஏறப் பார்வை விலகுகிறது, கதவுகள் சாத்திக்கொள்கின்றன. யோசேப்பும்கூட அந்த மறைவிடத்தை அடைந்தது வீடு முழுவதும் அவர் கைக்கு வந்த பிறகுதான். தாவீது மறைவில் செய்ததை நாத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார். மறைவில் செய்யும் வசதி அரசனுக்கு இருந்தது, உரியாவுக்கு இல்லை. நாபோத்தின் தோட்டத்தைப் பறிக்க அரண்மனையிலிருந்து முத்திரையிட்ட கடிதங்கள் போகின்றன. இறைவாக்கினர்கள் கள்ளத் தராசைப் பற்றி ஓயாமல் பேசியது தராசு பிடித்தவர்களிடம். நம் மறையுரையோ பால் வெட்டுகிறவரிடமே பேசிப் பழகிவிட்டது. சபைக் கணக்கை எழுதும் கைக்கும் தொழிற்சாலையில் ஒப்பமிடும் கைக்கும் அந்த மறையுரை இன்னும் முழுதாய்ப் போய்ச் சேரவில்லை.

ஜுரு ஆறு இதற்கு நடப்புச் சாட்சி. பிறைத் தொழிற்பேட்டை எழுந்த பின், 1970களில் குவாலா ஜுருவின் மலாய் மீனவர்கள் மீனும் கெராங் சிப்பியும் அழிவதைக் கண்டு குரல் எழுப்பினர். எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையிலான பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்றது. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. சட்டத்தின் கண் தேவை. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 2019 மார்ச்சில் ஜொகூரின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை தேடி, 111 பள்ளிகள் மூடப்பட்டபோது, அந்தக் கண் மூடியிருந்தால் என்னவாகும் என்று நாடே பார்த்தது.

ஆனால் ஆற்றில் கலக்கிற ஒவ்வொரு வாளிக்கும் பின்னால் ஓர் அதிகாரியை நிறுத்த முடியாது. 2009ஆம் ஆண்டுத் தொழிற்கழிவு விதிகள், தகுதி பெற்ற ஒருவர் சுத்திகரிப்பு நிலையத்தைக் கவனித்து அளவுகளைப் பதிந்து வைக்க வேண்டும் என்கின்றன. ‘பி’ தரத்தில் பி.எச். அளவு 5.5க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும். இரவு ஷிப்டில், விடியற்காலை 3 மணிக்கு, பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. தொட்டிவரை நடந்து போய் அளக்காமலே அதில் 7.2 என்று எழுதிவிடலாம். எழுதுகிறவர் ஒருவர்தான். ஆனால் கருவியைப் பழுது பார்க்கப் பணம் ஒதுக்காதவர், சுண்ணாம்புச் செலவைக் குறைக்கச் சொன்னவர், எண் சரியாக இருந்தால் போதும் என்று சாடையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர், இவர்களின் கையும் அந்த 7.2இல் இருக்கிறது. அந்த ஷிப்டு ஆள் பல தொழிற்சாலைகளில் தமிழராகவோ நேப்பாளியாகவோ வங்காளதேசியாகவோ இருப்பார். அவர் தலைக்குமேல் கேமரா உண்டு. மேலாளர் அறையில் கேமரா இருப்பது அரிது.

ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு இந்தச் செபராங் பிறை முழுவதிலுமிருந்து மக்கள் திரள்வார்கள். மெழுகுவத்தி பிடித்துப் பவனியில் நடக்கும் கூட்டத்தில் ஷிப்டு ஆளும் உண்டு, மேலாளரும் உண்டு. பலர் காணும் இந்தப் பக்தியை எண்ணும்போது, மத்தேயு 6இல் இயேசு தருமத்தையும் செபத்தையும் நோன்பையும் மறைவுக்கு அனுப்பியது இதனால்தான் என்று தோன்றுகிறது: பார்வை பட்டால் நல்லதும் கண்ணுக்குச் செய்யும் ஊழியமாகிவிடும். அந்த அதிகாரத்தில் மறைவிடம் என்பது பாவம் ஒளியும் இடமாக வரவில்லை. தந்தை ஏற்கெனவே இருக்கிற இடமாக வருகிறது.

அந்தக் கட்டத்தில் எழுதக்கூடியது இன்னொன்றும் உண்டு: கருவி பழுது, அளக்கவில்லை. அதை எழுதுகிற ஆளுக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பது, அந்தப் பக்கத்தைக் காலையில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே புரட்டப் போகிறவரின் கையில் இருக்கிறது.