குணமடைந்தவனுக்கு இடம் எங்கே?

மண்டைதீவின் பரவைக் கடலிலே மீன்பிடித்து வாழும் தொழிலாளி ஒருவர் காசநோயுற்று ஏறத்தாழ ஓராண்டு தொழிலுக்குச் செல்லாதிருந்தார். ஆறு மாத மருந்தையும் ஒருநாள் தவறாது உண்டு முடித்தார். சளியிலே கிருமி இல்லை, தொழிலுக்குப் போகலாம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் கரைக்குப் போனபோது, வள்ளத்தில் அவருடைய இடத்திலே வேறொருவர் நின்றார். “இன்னும் கொஞ்ச நாள் ஆறியிருங்கோ அண்ணை” என்றனர் பழைய கூட்டாளிகள். சொல்லிலே அன்பு இருந்தது; பிடிபட்ட மீனிலே பங்கு இருக்கவில்லை. அவருடைய மகன் என் மாணவன். அவன் பாடசாலைக்கு வராத காரணத்தை அறியப் போன இடத்திலேதான் இக்கதையைக் கேட்டேன்.

இதே நோய் எனக்கு வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நான் அரசாங்க ஆசிரியன். எனக்கு லீவு உண்டு; திரும்பி வந்தால் என் மேசையும் நாற்காலியும் இருந்த இடத்திலேயே இருக்கும். கிருமி இருவரையும் ஒன்றாகவே தாக்கும். சமுதாயமோ எங்களை ஒன்றாக நடத்தாது. ஆகவே நோய் எப்பொழுது தீர்கின்றது என்று கேட்க வேண்டியிருக்கின்றது. கிருமி இறந்தபொழுதா? மனிதன் தன் தொழிலுக்கு மீண்டபொழுதா? இவ்வினாவுக்குக் காசநோயின் வரலாற்றிலேயே விடை கிடக்கின்றது.

சயரோகமென்றும் எலும்புருக்கியென்றும் நம் முன்னோர் அஞ்சிய இந்நோயின் கிருமியை 1882 ஆம் ஆண்டில் றொபேட் கொக் கண்டறிந்தார். காரணம் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. மலைக்காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு என்பனவே அன்றைய சிகிச்சை. 1850களில் சைலீசியா மலைப்பகுதியிலே ஜெர்மன் வைத்தியர் பிரேமர் தொடக்கி வைத்த சனற்றோரிய முறை உலகெங்கும் பரவிற்று. தமிழகத்தில் 1928 இல் வைத்தியர் சவரிமுத்து தாம்பரத்திலே ஒரு சனற்றோரியம் நிறுவினார். 1937 இல் அதனை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அங்கெல்லாம் நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் தங்கினர். நிலமும் வாடகையும் உள்ளவன் படுத்திருந்தாலும் அவன் வருமானம் நடந்துகொண்டிருக்கும். கையையே முதலாகக் கொண்டவன் படுத்தால் அவன் வீட்டு அடுப்பும் படுத்துவிடும். ஓய்வு என்னும் மருந்து ஏழையின் கைக்கு எட்டாத மருந்தாகவே இருந்தது.

தேறியவன் திரும்பிச் சென்று உழைக்க வல்லவனா என்னும் கேள்வி விரைவிலேயே எழுந்தது. இங்கிலாந்திலே 1905 இல் திறக்கப்பட்ட பிறிம்லி சனற்றோரியத்தில் வைத்தியர் மார்க்கஸ் பற்றேசன் படிப்படியான உழைப்பையே சிகிச்சையாக்கினார். நோயாளி முதலில் நடப்பான். பின்னர் கூடை சுமப்பான். அதன்பின் சிறு மண்வெட்டி, பெரிய மண்வெட்டி, முடிவிலே பிக்காசு. உழைப்பாளியின் உடல் உழைப்புக்கு மீளமுடியும் என்பதை அவர் காட்டினார். ஆயினும் அந்த உடல் திரும்பிச் சென்றது பழைய இருட்டறைக்கும் பழைய அரைவயிற்றுக்குமே அன்றோ! தேறிச் சென்றவர்கள் மீண்டும் நோயாளிகளாகத் திரும்பி வந்தனர்.

இதனைக் கண்டு மனம் நொந்தவர் வறியர் ஜோன்ஸ் என்னும் வைத்தியர். 1918 இல் கேம்பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள பாப்வேத் என்னுமிடத்தில் அவர் ஒரு கிராமத்தையே வளர்க்கத் தொடங்கினார். நோயாளியும் குடும்பமும் அங்கே குடியிருந்தனர். பட்டறைகளில் தம்மால் இயன்ற அளவு உழைத்துக் கூலி பெற்றனர். வீடும் வேலையும் சிகிச்சையின் பாகங்களே என்னும் உண்மை அங்கே செயலுருப் பெற்றது. ஆனால் உலகத் தொழிலாளர் அனைவருக்கும் தனிக்கிராமம் கட்ட இயலுமா? மேலும், தேறியவனுக்கு வேண்டியது அவனுடைய சொந்த ஊரிலே ஓர் இடமன்றோ!

1943 இல் ஸ்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, 1948 ஜூன் 30 இல், புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் இதே நோய்க்கு இரையானார். நாற்பத்திரண்டு வயது, எழுதுகோலுக்கு அவர் மீளவேயில்லை. உலகிலே மருந்து பிறப்பது ஒன்று. வறியவனின் உயிரை அது காப்பது வேறொன்று.

1952 இல் மலிவான ஐசோனியசிட் மாத்திரை வந்தது. அதன்பின் நிகழ்ந்த பெரிய மாற்றத்திலே சென்னை நகரத்து ஏழைகளுக்குத் தலையாய பங்குண்டு. 1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தன. 193 நோயாளிகள் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சனற்றோரியத்திலே நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே, குறைந்த உணவோடும் குறைந்த ஓய்வோடும் இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959 இல் முடிவு வெளியாயிற்று: வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவிற் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்த நோயாளிகளால் குடும்பத்தினருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவில்லை என்பதும் தொடர்ந்து செய்த ஆய்வுகளிலே தெளிவாயிற்று. நோயாளியைக் குடும்பத்தினின்றும் தொழிலினின்றும் நெடுங்காலம் பிரித்து வைப்பதற்கு அறிவியல் தந்த நியாயம் அன்றோடு ஒழிந்தது. பின்னாளில் றிபாம்பிசின் மருந்து சேர்ந்து, சிகிச்சைக்காலம் ஆறு மாதமாகச் சுருங்கிற்று.

தொழிற்சாலைத் தொழிலாளர் வேறொரு பாதுகாப்பையும் பெற்றனர். இந்தியாவில் 1948 இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டத்தின் 73 ஆம் பிரிவு, நோய்க்கால உதவி பெறும் தொழிலாளியை அக்காலத்தில் வேலைநீக்கம் செய்யலாகாதென விதித்தது. தனியொருவனின் இரக்கமாக இருந்தது தொழிலாளியின் உரிமையாக மாறிற்று. ஆனால் இத்தகைய உரிமையைக் கேட்க ஒரு முதலாளி இருக்கவேண்டும். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். பரவைக் கடலிலே பங்குக்குத் தொழில் செய்பவன் எந்தப் பட்டியலில் இருக்கின்றான்? அலையிடம் லீவு கேட்க முடியுமா?

இங்கேதான் நம் கடமை தொடங்குகின்றது. ஒழுங்காக மருந்து உண்பவனிடமிருந்து தொற்றும் ஆற்றல் சில வாரங்களிலேயே பெரிதும் குறைந்துவிடும்; சிகிச்சையை முடித்துக் கிருமி நீங்கியவனை அஞ்சுவதற்குக் காரணமேயில்லை. இதனை வகுப்பறையிலும் சனசமூக நிலையத்திலும் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களுமே. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் ஒன்று செய்யலாம்: நோயுற்றவனின் இடத்தில் நிற்பவன் அவன் மீளும் வரைக்குமே நிற்பான் என்று ஒரு விதியைத் தம் ஏட்டிலே எழுதிக்கொள்ளலாம். மீண்டவனுக்கு முதற் சில வாரம் கரையிலே வலை பொத்தும் வேலையைக் கொடுக்கலாம். பங்கைக் குறைக்காது கொடுக்கலாம். பற்றேசனின் கூடையும் மண்வெட்டியும் கற்பித்த பாடம் நம் கரைக்கு இவ்வாறு பொருந்தும்.

மருந்தை அரசாங்கம் இலவசமாகத் தருகின்றது. வள்ளத்திலே ஓர் இடத்தை நாம்தான் தரவேண்டும். என் மாணவனின் தந்தை இன்னும் கரையிலே காத்திருக்கின்றார். அவருடைய சட்டைப்பையிலுள்ள துண்டு, கொக்கின் நாள் தொடங்கிச் சேத்துப்பட்டு நோயாளிகள் வரை பலர் உழைத்துப் பெற்றுத்தந்த சான்று. அதனை வாசித்து மதிக்கும் ஊராக நம் ஊர் மாறும் நாளிலேயே அவருடைய நோய் முற்றாகத் தீரும்.