மல்லரை அளக்கும் கோல்

நடுகல் கூறும் முறை

தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லை நிலம் இன்று தொழிற்கூடங்களால் பெயர் பெற்றிருப்பினும், அதன் பழம்பெருமை நடுகற்களில் தங்கியுள்ளது. ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் நின்ற இக்கற்களுட் சில கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளன. எழுத்துடைய கல் பெரும்பாலும் ஒரு வாய்பாட்டில் அமையும். இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு. இன்னார் ஆநிரை கவர்ந்தபோது இன்னான் பொருது பட்டான். அவ்வளவே. அவன் தன் முன்னோரினும் சிறந்தவன் என்றோ, அவனுக்கு நிகர் இனிப் பிறவான் என்றோ அக்கல் கூறுவதில்லை. வீரனை அவன் காலத்தினின்று பிரிக்காமல் நிறுத்துவதே நடுகல்லின் முறை.

மனித மனமோ அவ்வளவில் அமைவதில்லை. கம்பனா, இளங்கோவா என்று பட்டிமன்றம் கூட்டும் அதே மனம், குத்துச்சண்டை அரங்கிலும் வழக்காடுகிறது. மிகுஎடைப் பிரிவில் தலைசிறந்தவர் ஜோ லூயியா, ராக்கி மார்சியானோவா, முகமது அலியா என்பது ஓயாத வினா. வெவ்வேறு காலத்து வீரரை அளக்கும் கோல் எது என்பதே இவண் ஆராயத்தக்கது.

ஆமூர்க் களம்

இருவர் கைகலக்கும் போரைக் கண்ணால் கண்டவாறு பாடிய பழந்தமிழ்ச் சான்றுகள் புறநானூற்றில் உள்ளன. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனொடு பொருததைச் சாத்தந்தையார் 80ஆம் பாட்டில் காட்டுகிறார். ஒரு கால் எதிரியின் மார்பில் ஊன்ற, மறு கால் அவனது சூழ்ச்சியைத் தடுத்து முதுகை வளைக்க, கிள்ளி வெல்கிறான். தந்தை தித்தன் இதைக் கண்டு மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, காணவேண்டும் என்று புலவர் விரும்புகிறார். 85ஆம் பாட்டில் நக்கண்ணையார் பார்வையாளரையும் நம்முன் நிறுத்துகிறார். வெற்றி அவனதே என்பாரும் அன்று என்பாரும் இரு கட்சியாகப் பிரிகின்றனர். ஆகவே, வென்றவர் யார் என்ற வழக்கு இன்று தோன்றியதன்று. கண்முன் நிகழ்ந்த போருக்கே அன்று இரு தீர்ப்பு இருந்தது.

இங்கே கருதத்தக்க செய்தி வேறொன்று உண்டு. கிள்ளிக்குப் பெயர் உண்டு. அவன் தந்தைக்குப் பெயர் உண்டு. பாடிய இருவர்க்கும் பெயர் உண்டு. தோற்றவனுக்கு ஊரும் தொழிலும் மட்டுமே அடையாளமாயின. அவன் வலியனாக இருந்தமையால்தான் கிள்ளியின் வெற்றி பாடுபொருளாயிற்று. வீரனின் உயரத்தை நமக்குக் காட்டுவது அவன் எதிரியின் உயரமே. பெயரற்ற அம்மல்லனே கிள்ளியை அளந்த கோல்.

விதி மாறிய அரங்கு

மேலைநாட்டுக் குத்துச்சண்டையில் கையுறை, மூன்று நிமிடச் சுற்று, வீழ்ந்தவன் எழப் பத்து நொடி ஆகியவற்றை வகுத்த குயின்ஸ்பெரி விதிகள் 1867இல் வெளியாயின. அதன் பின்னரும் வெறுங்கைச் சண்டை தொடர்ந்தது. 1889இல் ஜான் சல்லிவன் வெறுங்கையால் 75 சுற்றுகள் பொருது ஜேக் கில்ரெய்னை வென்றார். அதே சல்லிவன் 1892இல் கையுறை அணிந்து, ஜேம்ஸ் கார்பெட்டிடம் 21ஆம் சுற்றில் வீழ்ந்தார். மனிதர் ஒருவரே, மூன்றாண்டு இடைவெளியில் விதி மாற, முடிவும் மாறியது. கார்பெட்டின் இளமையும் வேகமும் இதிற் பங்குகொண்டன என்பது உண்மையே. எனினும் எந்தச் சல்லிவனை ஒப்பிடுவது என்ற வினா எழாமல் இல்லை.

எடையும் அவ்வாறே. 49 போட்டிகளில் 49 வெற்றியுடன் ஓய்வு பெற்ற மார்சியானோவின் எடை ஏறத்தாழ 84 கிலோ. இன்றைய கணக்கில் அவர் மிகுஎடைப் பிரிவுக்கே வரமாட்டார். ஆயின் எடை மட்டுமே அளவும் ஆகாது. 2024 மே மாதம் ரியாத் நகரில், தம்மினும் ஏறத்தாழ 18 கிலோ மிகுந்த டைசன் ஃபியூரியை ஒலெக்சாண்டர் உசிக் வென்றார்.

காலங்கள் நேர்நின்ற போர்கள்

இரு காலத்து வீரர் உண்மையிலேயே எதிர்நின்ற போர்களும் உள. ஆறாண்டு அரங்கேறாதிருந்த ஜெஃப்ரீஸ் 1910இல் ஜாக் ஜான்சனிடம் தோற்றார். 37 வயதான லூயி 1951இல் மார்சியானோவிடம் எட்டாம் சுற்றில் வீழ்ந்தார். 38 வயதான அலி 1980 அக்டோபரில், முன்பு தம் பயிற்சித் துணைவராயிருந்த லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடிபட்டு விலகினார். அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் அலி சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் தோன்றினார். சார்பட்டா, இடியாப்பப் பரம்பரைகள் எனக் குத்துச்சண்டையைக் குடிமரபாகவே போற்றிய வடசென்னைக்கு அது பெருநிகழ்வு. அந்நகரம் கண்டது வீரத்தின் அந்திப்பொழுதை. இம்மூன்று போர்களிலும் புதிய காலம் பழைய காலத்தை வென்றதாகக் கூறுவது பொருந்தாது. மூன்றிலும் மூப்பின் கை ஓங்கியிருந்தது.

கணிப்பொறியின் தீர்ப்பு

மூப்பை விலக்கிவிட்டு ஒப்பிட இயலுமா என்ற ஆவலே கணிப்பொறியை நாடச் செய்தது. 1967இல் அமெரிக்க வானொலி நடத்திய கற்பனைப் போட்டியில் அலி ஜெஃப்ரீஸிடம் தோற்றதாகக் கணிப்பொறி தீர்ப்பளித்தது. அலி வழக்குத் தொடுத்தார். பின்னர் 1969இல் மார்சியானோவும் அலியும் கேமராவின் முன் பொருவதுபோல் நடித்தனர். பல முடிவுகள் படமாக்கப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மார்சியானோ விமான விபத்தில் இறந்தார். 1970 சனவரியில் திரையிட்டபோது 13ஆம் சுற்றில் அலி வீழ்ந்தார். வென்றவர் அதைக் காண உயிருடன் இல்லை. ஓசூர்த் தொழிற்கூடங்களில் ஓர் உறுப்பை அளக்குமுன் அளவுகருவியையே சரிபார்ப்பர். இந்தக் கருவியைச் சரிபார்க்க ஒரு மூலஅளவு இல்லை. கொடுத்த எண்களையே அது தீர்ப்பாகத் திருப்பித் தந்தது.

மறுக்கப்பட்டோர்

பட்டியல்கள் மறைக்கும் குறை இன்னும் பெரிது. சல்லிவன் கறுப்பின வீரரொடு பொரமாட்டேன் என வெளிப்படையாகவே அறிவித்தவர். ஜான்சன் 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்ற பின்னரே அப்பட்டம் கறுப்பினத்தவர் ஒருவரை அடைந்தது. 1915இல் அவர் தோற்றபின் 1937இல் லூயி பட்டம் பெறும்வரை, 22 ஆண்டுகள், மிகுஎடைப் பட்டத்துக்குப் பொரும் வாய்ப்பே எந்தக் கறுப்பின வீரருக்கும் தரப்படவில்லை. ஹாரி வில்ஸ் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தும் ஜாக் டெம்ப்சியை எதிர்கொள்ள இயலவில்லை. ஆமூர் மல்லன் பெயரை இழந்தான். வில்ஸோ களத்தையே இழந்தார். ஆகவே ஒரு வீரரை மதிப்பிடுங்கால் எத்தனை பேரை வென்றார் என்பதோடு, எவரொடு பொர அவர் காலம் அவரை விடவில்லை என்பதையும் சேர்த்தெண்ணல் வேண்டும்.

நிறைவு

இங்ஙனம் நோக்கின், காலங்கடந்த ஒப்பீடு வீண் என்பது முடிபன்று. லூயியின் 25 பட்டக்காப்புகளை அவர் காலத்து எதிரிகளொடும், அலியின் மீட்சியை அவர் இழந்த ஆண்டுகளொடும் வைத்துக் காணும்போது ஒப்பீடு வரலாறாகிறது. விதியையும் எதிரியையும் நீக்கிவிட்டு நிரல்படுத்தும்போது அது வெறும் விளையாட்டாகிறது. கவிஞரை அளப்பதற்கும் இது பொருந்தும். சங்கப் புலவரையும் இன்றைய கவிஞரையும் ஒரே மேடையில் நிறுத்துவோர், எழுத வாய்ப்பே பெறாத குரல்களை எந்தப் பக்கத்தில் எண்ணுவர்? ஆட்சியாண்டும் களமும் பகையும் முதலில். வீரன் பெயர் அதன்பின். நடுகல் வகுத்த இவ்வரிசையே நேர்மையான கோல்.