கியர்பெட்டியைத் திறப்பதா, மாற்றுவதா? – ஒரு சிறு வரலாறு



காலை வேளையில் நம் பள்ளி வாயில்களில் வந்து நிற்கும் வண்டிகளைக் கவனித்திருப்பீர்கள். புதிய மைவிகளுக்கு நடுவே பழைய சாகாவும் வீராவும் கஞ்சிலும் இன்றும் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் செல்கின்றன. பாடநூல் இவற்றை மகிழுந்து என்கிறது. தானியங்கி கியர்பெட்டி பழுதாகிப் பட்டறையில் நின்றவரைக் கேட்டால், அப்பெயரில் உள்ள மகிழ்ச்சி எங்கே என்பார். இயந்திரம் உறுமும், சக்கரம் நகராது. “பெட்டி போய்விட்டது. திறந்து பார்ப்பது வீண். வேறு பெட்டி போட்டுவிடலாம்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு அது சிறிய செலவு அன்று.

அத்தீர்ப்பு பொறியியலிலிருந்து பிறந்ததா, வணிகத்திலிருந்து பிறந்ததா என்பது எனக்கு நெடுநாள் ஐயம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபின் இரண்டாவதே சரி எனத் தோன்றுகிறது.

தானியங்கி கியர்பெட்டியின் வேர் மகிழுந்தில் இல்லை, கப்பலில் இருக்கிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் ஷ்டெட்டின் நகரில் வுல்கான் கப்பல் கட்டும் நிறுவனத்தில் பணியாற்றினார். நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுழலும். கப்பலின் உந்துவிசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் பயன். இவ்விரண்டையும் இணைக்க அவர் திரவத்தை நாடினார். 1905இல் காப்புரிமையும் பெற்றார். மாணவர்களுக்கு இதை விளக்க இரண்டு மின்விசிறிகள் போதும். எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் முடுக்கினால், அதன் காற்று பட்டு மற்றொன்றும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை எண்ணிக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் இயந்திரம் ஓடியபடி இருக்க, வண்டி அணைந்துபோகாமல் நிற்பது இதனால்தான்.

இதனை மகிழுந்துக்குள் பேரளவில் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம். ஏர்ல் தாம்ஸன் தலைமையிலான குழு உருவாக்கிய ‘ஹைட்ரா-மேட்டிக்’, 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் 57 டாலர் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. மறு ஆண்டே கேடிலாக்கும் அதை ஏற்றது. பின்னர்ப் போர் வந்தது. அமெரிக்காவின் எம்5 இலகு ரகப் பீரங்கி வண்டியில் இரண்டு கேடிலாக் இயந்திரங்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ரா-மேட்டிக் பெட்டியும் பொருத்தப்பட்டன. கிளட்ச் மிதிக்கத் தெரியாதவர்களுக்கான சொகுசுப் பொருள் என்று எண்ணப்பட்ட ஒன்று போர்க்களத்திற்கே போனது! போர் முடிந்ததும் அதையே சொல்லி விளம்பரம் செய்தார்கள்.

1953 ஆகஸ்டு 12ஆம் நாள் மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ரா-மேட்டிக் தொழிற்சாலை தீக்கு இரையானது. உயிரிழப்பும் நேர்ந்தது. வண்டிகள் பெட்டியின்றி நின்றன. நிறுவனம் என்ன செய்தது? ஓல்ட்ஸ்மொபைலுக்கும் கேடிலாக்குக்கும் பியூக்கின் ‘டைனாஃப்ளோ’ பெட்டியையும், பாண்டியாக்குக்கு ஷெவ்ரலேயின் ‘பவர்கிளைடு’ பெட்டியையும் பொருத்தி விற்றது. முன்பு குண்டுவீச்சு விமானங்கள் செய்யப்பட்ட வில்லோ ரன் ஆலைக்கு உற்பத்தி மாறும்வரை இதுவே வழியாயிற்று. கையில் எந்தப் பெட்டி இருக்கிறதோ அதைப் போடுவது என்பது நம் ஊர்ப் பட்டறையின் கண்டுபிடிப்பு அன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அப்பெட்டிக்குள் தேய்வது எது? பற்சக்கரங்கள் எளிதில் அழிவதில்லை. கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டிய மெல்லிய உராய்வுப் படலம் தேயும், ரப்பர் சீல்கள் சூட்டில் இறுகிப்போகும், எண்ணெய் கருகும். எண்ணெயின் தரமே பெட்டியின் ஆயுள். அக்காலத்தில் அந்த எண்ணெயில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பும் சேர்க்கப்பட்டது. தட்டுகள் அதிராமல் மென்மையாகப் பற்றிக்கொள்ள அதைப்போல் வேறொன்று உதவவில்லையாம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலப் பொருள்களைத் தடுத்தபோது, மாற்று எண்ணெய்க்காக வேதியியலாளர்கள் அலைய நேர்ந்தது. (இதை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். கியர்பெட்டிக்குள் திமிங்கிலமா என்று வகுப்பே விழித்துக்கொள்ளும்.)

ஆக, தேய்பவை எல்லாம் கழற்றி மாற்றத்தக்க சிறு பொருள்கள். பெட்டி திறக்கப்படுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அமெரிக்காவில் அதை மட்டுமே புதுப்பிக்கும் பட்டறைகள் தனித் தொழிலாக வளர்ந்தன. நம் நாட்டில் கதை வேறு திசையில் போனதற்குக் காரணம் ஜப்பான்.

அங்கே ‘ஷாக்கென்’ எனப்படும் கட்டாயச் சோதனை உண்டு. புதிய வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும், பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறையும் செலவு செய்து அதைக் கடக்க வேண்டும். ஆகவே பலர் நன்றாக ஓடும் வண்டியையே கைவிடுகிறார்கள். அதை முழுதாக மலேசியாவுக்குள் கொண்டுவர ஏ.பி. எனப்படும் அனுமதியும் பெரும் வரியும் வேண்டும். முன்பாதியை வெட்டி, இயந்திரமும் பெட்டியுமாக உதிரிப்பாகமாய்க் கொண்டுவந்தால் நிலைமை வேறு. இதுவே ‘ஹாஃப் கட்’. 1985இல் வந்த சாகாவும் 1993இல் வந்த வீராவும் மிட்சுபிஷி லான்சர் வழிவந்தவை. 1994இல் வந்த கஞ்சில், டைஹாட்சு மீரா வழிவந்தது. ஜப்பானியப் பெட்டி ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. இரண்டு நாள் உழைத்துச் சீல் மாற்றுவதைவிட, அரை நாளில் வேறு பெட்டியைத் தூக்கி வைப்பது பட்டறைக்கு இலாபம். அதில் நான் பட்டறைக்காரரைக் குறை சொல்லமாட்டேன். பழைய உதிரிப்பாக இறக்குமதியை 2011 ஜூன் முதல் தடை செய்யப்போவதாக அரசு 2009இல் அறிவித்தது, வணிகர்கள் எதிர்த்தனர், தடை நடப்புக்கு வரவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. வீராவின் மூலமான லான்சர் ஜப்பானில் 1990களின் முற்பாதியில் விற்கப்பட்டது. இன்று அதன் பெட்டி எந்தக் கிடங்கிலிருந்து வந்தாலும் வயது முப்பதை ஒட்டியே இருக்கும். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகத்தான் செய்யும். உங்கள் பெட்டிக்கு வந்த நோய் அதற்கும் விரைவில் வரலாம். எனவே, மாற்றினாலும் அதைத் திறந்து சீல் மாற்றியே பொருத்தச் சொல்வது நல்லது. அப்படித் திறக்கத்தான் வேண்டும் என்றால், உள்ளே உடைசல் இல்லாதவரை, நம்முடைய பெட்டியையே திறப்பதில் என்ன தவறு? 2011இல் சாகா எஃப்எல்எக்ஸ் முதல் வந்த சிவிடி பெட்டிகளுக்கு இது பொருந்தாது. எஃகுப் பட்டையில் ஓடும் அவற்றின் கணக்கு வேறு.

பட்டறைக்குப் போகும் பெற்றோர் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளலாம். எண்ணெயைத் துணியில் தொட்டுப் பாருங்கள்: செந்நிறம் நல்லது, கருநிறமும் தீய்ந்த வாடையும் தட்டுகள் எரிந்ததன் அடையாளம். பெட்டியைத் திறந்தாலும் மாற்றினாலும், டார்க் கன்வெர்ட்டரையும் எண்ணெய் குளிர்விக்கும் குழாய்களையும் கழுவுவார்களா எனக் கேளுங்கள். பழைய துகள்கள் அங்கேதான் தங்கி, புதிய தட்டுகளைக் கெடுக்கும். மாற்றுவதென்றே முடிவானால், கழற்றிய பெட்டிக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கழித்துக்கொண்டு தொகையைச் சொல்லச் சொல்லுங்கள்.