நஞ்சியம்மா முதல் பிரியா ராகு வரை: சொந்தப் பாட்டு எழுதும் பெண்களை எங்கே தேடலாம்?

உங்க பிளேலிஸ்ட்டில் பெண் குரல்கள் நிறைய இருக்கும். அதில் எத்தனை பாட்டை, பாடிய பெண்ணே எழுதியிருக்கிறார்? சினிமாப் பாட்டில் பெரும்பாலும் மெட்டு ஒருவர், வரி இன்னொருவர். பாடகி கடைசியில்தான் ஸ்டுடியோவுக்கு வருவார். இண்டி இசையில் இந்த வரிசை மாறுகிறது.

'கன்ஃபெஷனல்' பாட்டுன்னா என்ன?

சொந்த வாழ்க்கையை மறைக்காமல், 'நான்' என்று சொல்லிப் பாடுவது. காதல் முறிவு, கோபம், மனச்சோர்வு, உடல், குடும்பம் எல்லாமே இதில் வரும். ஜோனி மிட்சல் 1971-ல் வெளியிட்ட 'ப்ளூ' இதற்கு முக்கியமான முன்னோடி. 90-களில் டோரி ஏமஸ், பி.ஜே. ஹார்வி, அலானிஸ் மொரிசெட், ஃபியோனா ஆப்பிள் ஆகியோர் இதை ராக் இசைக்குள் கொண்டுவந்தார்கள். இன்று மிட்ஸ்கி, ஃபீபி பிரிட்ஜர்ஸ் தொடர்கிறார்கள்.

நமக்கு இது புதுசா? இல்லை. ஒப்பாரி வைக்கும் பெண், இறந்தவருக்காக மட்டும் அழுவதில்லை. புகுந்த வீட்டில் பட்டதையும் சேர்த்து, அந்த இடத்திலேயே வரி கட்டிப் பாடுவார்.

அட்டப்பாடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கோவையிலிருந்து ஆனைகட்டியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. அங்கே ஆடு மேய்த்து வாழ்ந்த இருளர் பெண் நஞ்சியம்மா. 2020-ல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' மலையாளப் படத்தில், 'களக்காத்த' பாட்டை இருளர் மொழியில் எழுதிப் பாடியவர் அவர். இசை ஜேக்ஸ் பிஜாய். அந்த மொழி தமிழுக்கு நெருக்கமானது என்பதால், கவனித்துக் கேட்டால் பல சொற்கள் உங்களுக்குப் புரியும்.

ஒரு வித்தியாசம் உண்டு. கன்ஃபெஷனல் பாட்டின் 'நான்' ஒரு தனி ஆள். நஞ்சியம்மாவின் பாட்டில் இருப்பது ஊரும் மலையும் பூக்கும் மரமும். ஆனால் வார்த்தையும் குரலும் ஒரே பெண்ணிடமிருந்து வருகின்றன.

விருது ஏன் சர்ச்சையானது?

2022 ஜூலையில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு இந்த விருதா என்று இசைத்துறையிலேயே கேள்வி எழுந்தது. பலர் அவருக்கு ஆதரவாகப் பேசினார்கள். சுருதி, பயிற்சி பற்றிப் பேசிய அளவுக்கு, வரியும் அவருடையது என்பது பேசப்படவில்லை.

அது சின்ன விஷயம் இல்லை. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, பாட்டை எழுதியவருக்கு ராயல்டியில் பங்கு உண்டு. 'எழுதியவர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது கௌரவம் மட்டுமல்ல, காசும்கூட.

எங்கே ஆரம்பிக்கலாம்?

• மாலி (மாளவிகா மனோஜ்): சென்னையில் வளர்ந்தவர். ஆங்கிலத்தில் எழுதிப் பாடுகிறார். 2021-ல் வந்த 'காஷன் டு த விண்ட்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்க.

• பிரியா ராகு: ஈழத்திலிருந்து சுவிட்சர்லாந்து போன தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். விமான நிறுவன வேலையை விட்டு இசைக்கு வந்தார். 'டாம்ன்ஷிஸ்டமில்' (2021), 'சந்தோசம்' (2023) இரண்டையும் கேளுங்க. ராக் இல்லை, ஆர் அண்ட் பி. மனம் திறந்து பேசும் எழுத்து அதேதான்.

• ஃபீபி பிரிட்ஜர்ஸ்: 'பனிஷர்' (2020). மெதுவாகத் தொடங்கும், வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டே கேளுங்க.

அடுத்தவரை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

ஸ்பாட்டிஃபையில் பாட்டின் அருகில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, கிரெடிட்ஸைத் திறங்க. எழுதியவர் இடத்தில் பாடகியின் பெயரே இருந்தால், அவருடைய முழு ஆல்பத்தையும் வரிசை மாற்றாமல் ஒருமுறை கேளுங்க. ஷஃபிளில் பாட்டு கிடைக்கும். ஆளைத் தெரிஞ்சுக்க ஆல்பம்தான் வேணும்.