புதையல் கரை
புதையல் கரை என்பது ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டி அமைந்துள்ள ஒரு பகுதி ஆகும். ஹவானாவிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட 11 ஸ்பானியக் கப்பல்கள் 1715 ஜூலை இறுதியில் இங்கு சூறாவளியில் சிக்கி அழிந்தன. அவற்றின் புதையல் 1960களில் மீட்கப்பட்டபின் இப்பெயர் ஏற்பட்டது.

புயல்கள் மணலை அரிக்கும்போது அக்கப்பல்களின் நாணயங்கள் கரையில் வெளிப்படுவதுண்டு. சுத்தியலால் அடித்து உருவாக்கப்பட்ட வெள்ளி நாணயங்கள் ஒழுங்கற்ற வடிவுடையன. கடல்நீரில் கறுத்துவிடுவதால் கண்ணுக்குக் கல் போலத் தோன்றும். எனவே உலோகம் கண்டறியும் கருவி பயன்படுத்தப்படுகிறது. கருவிச் சுருளின் மாறும் காந்தப்புலம் நாணயத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதனால் எழும் புலத்தைக் கருவி உணர்கிறது. உப்புநீரும் மின்கடத்தி என்பதால் ஈரமணலில் பொய்யான ஒலிகள் எழலாம்.

நாணயம் கிடைத்த இடமும் ஒரு வரலாற்றுச் சான்றாகும். கரையில் நாணயங்களைக் கண்டெடுத்த கிப் வாக்னர், உயிர்தப்பியோரின் முகாமையும் பின்னர் கடலில் கப்பற்சிதைவுகளையும் கண்டறிந்தார். கடலடியிலுள்ள அரசு நிலத்தில் அனுமதியின்றித் தொல்பொருள்களை எடுப்பது சட்டவிரோதமாகும்.