கன கெஜம்

'கெஜம்' பாரசீகத்தின் 'கஸ்' என்னும் நீட்டலளவை. நம் நாவில் திரிந்து, ஆங்கிலேயரின் யார்டுக்கே பெயராகிவிட்டது. சிங்கப்பூரில் தேக்காவின் துணிக்கடைகளில் புழங்கியது இந்த நீளக் கெஜம்தான். 'கன' வடமொழிச் சொல். திண்மை என்று பொருள். பாரத்தைக் குறிக்கும் 'கனம்' அதே சொல். ஆனால் கன கெஜம் எடையன்று. நீளம், அகலம், உயரம் மூன்றும் மும்மூன்று அடியான பெட்டி கொள்ளும் இடம். அதாவது 27 கன அடி. சதுர கெஜத்தின் நினைவில் 9 என்று போட்டுவிடாதீர்கள். 12 அடிக்கு 9 அடிப் பாத்தியில் 3 அங்குல உயரம் மண் பரப்பச் சரியாக ஒரு கன கெஜம் பிடிக்கும். 1970-இல் மெட்ரிக் வாரியம் அமைத்த சிங்கப்பூரில் இன்று கணக்கு கன மீட்டரில்தான். மண்ணோ கான்கிரீட்டோ கேட்கும்போது ஒரு கன கெஜத்துக்கு 0.76 கன மீட்டர் என்று சொல்லுங்கள்.